கீழ்த்தாடை

சோறு குழைந்து போயிருந்தது.

பரிமளம் வடித்த சோறு குழைந்து கிருஷாந்தி ஒருநாளும் கண்டதில்லை. மேட்டு லயத்துக் கோயிலில் அன்னதானம் என்றால் அண்டாவுக்குப் பக்கத்தில் பரிமளத்தைத் தவிர வேறு யாரையும் நிற்கவிட மாட்டார்கள். வாழையிலையில் போட்டால் பருக்கை பருக்கையாக உதிர்ந்து ஓடும். இப்போது தட்டில் கிடந்ததைச் சோறு என்றே சொல்ல முடியாது. கிழங்குக் குழம்பும் அப்படித்தான். கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, மிளகாய்த் தோலைக்கூடப் பொறுக்கிப் போட்டு, கைக்குழந்தைக்குப் பிசைந்தாற்போல் வழவழவென்று இருந்தது. வாயில் வைத்தால் மெல்ல எதுவுமே இல்லை. அப்படியே இறங்கிவிடுகிறது.

"என்னக்கா, பல்லு வலியா ஒங்களுக்கு?"

கேட்டுவிட்டு உடனே வருந்தினாள். பல் என்ற சொல்லை இந்த இடத்தில் தானாக எடுக்கக்கூடாது என்று மொனராகலையில் பஸ் ஏறும்போதே நினைத்துக்கொண்டு வந்தவள் அவள்.

"எனக்கா? நான் கல்லையும் கடிப்பேன்," என்று பரிமளம் சிரித்தாள். "ஒரே ஒலையில வச்சிட்டேன் தங்கச்சி. ஒனக்கு வேற, அதுக்கு வேறன்னு ஆக்குறதுக்கு வெறகு காயல."

அதுக்கு என்றாள். கிருஷாந்தி நிமிர்ந்து பார்த்தாள். பரிமளம் அதற்குள் எழுந்துபோய், சின்னக் கிண்ணம் ஒன்றில் அந்தக் கூழை எடுத்து, பால்மாவைக் கரைத்து ஊற்றி, விரல் விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது வீடு என்று சொல்லக்கூடிய இடமும் இல்லை. மடுல்சீமைக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி, பிறகு யாருக்கும் வேண்டாமல் மூடிப்போட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை. மண்சரிவு மேட்டு லயத்தின் வரிசை வீடுகளை வாரிக்கொண்டுபோன வருஷம், தப்பியவர்களை இங்கேதான் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். தகரமும் பலகையும் சாக்கும் வைத்துக் குடும்பத்துக்கு ஓர் அறை என்று மறைத்துக்கொண்டார்கள். எந்திரங்களை எப்போதோ கழற்றி விற்றாகிவிட்டது. தேயிலை மணம் மட்டும் போகவில்லை. சுவரிலும் பலகையிலும் ஊறி, பழசாகி, இலேசாகப் புளித்துப்போன மணம். பிறகு கீழே ரோட்டோரம் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போனது. பரிமளம் மட்டும் போகவில்லை.

"புள்ளைக்கு அந்த ஊடு தெரியாதே," என்றாளாம், சாவி கொடுக்க வந்தவர்களிடம். "அதுக்கு இந்த மலதான் தெரியும். தேடி வந்தா எங்கன்னு வரும்?"

வந்தவர்கள் சாவியோடு இறங்கிப் போனார்கள். மலை சரிந்த காலை பரிமளம் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். அவள் புருஷன் லிங்கம் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தான். அவனோடு மகள் விதுஷா. லிங்கத்தின் உடல் கிடைத்தது. விதுஷா கிடைக்கவில்லை. முன்வாய்ப் பல் விழுந்து, விழுந்த இடத்தில் புதுப்பல் இன்னும் எட்டிப் பார்க்காத வயசு அவளுக்கு.

தோண்டுவதை நிறுத்திய அன்று பரிமளத்தைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் கிருஷாந்திதான். அப்போது அவள் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த லயத்துப் பிள்ளை. செய்தி கேட்டு ஓடி வந்திருந்தாள். சேற்றில் நின்ற ஆமிக்காரர்களைப் பார்த்துப் பரிமளம் கத்தவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. "ஏதாவது ஒண்ணு குடுங்க சாமி," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரு வெரல் எலும்பு போதும். பொதைச்சிட்டுப் போயிருவேன்."

பிறகு டென்மார்க்கில், வெளியே பனி கொட்ட, உள்ளே எந்திரங்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்த ஆய்வுகூடத்தில், கையுறைக்கு மேல் கையுறை மாட்டி நிற்கும்போதெல்லாம் கிருஷாந்தியின் காதில் கேட்டது அந்தக் குரல்தான்.

அவள் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பது பண்டைய புரதங்களை. "பழைய பல்லப் பாத்து மனுசன் எப்புடி வந்தான்னு கண்டுபுடிக்கிற படிப்பு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும், ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்த எலும்பில் மரபணு தங்காது. ஆனால் பல்லின் கெட்டியான வெள்ளை மேலோட்டுக்குள் கொஞ்சம் புரதம் சிக்கிக்கொண்டு கிடக்கும். பல்லை அமிலத்தில் கரைத்து, அந்த நீரை எந்திரத்தில் ஓட்டினால், அது ஆணுடையதா பெண்ணுடையதா, மனித குலத்தின் எந்தக் கிளை, எவ்வளவு பழசு என்று துண்டு துண்டாகச் சொல்லும். புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் மாட்டுப் பல்லிலும் பன்றிப் பல்லிலும் பழக்குவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய மனிதனின் பல் ஒன்றும் வேண்டும். அதற்குக் கிருஷாந்தி தான் பிடுங்கிப்போட்ட ஞானப்பல்லையே கொடுத்திருந்தாள்.

அவள் அங்கே கொண்டுபோன பையில் இன்னொன்றும் இருந்தது.

வெளிநாடு போவதற்கு முந்தைய வருஷம், தோட்டத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் கற்குகையைத் தோண்டிய குழுவில் அவள் உதவிக்கு இருந்தாள். கல்லாயுதங்களும் நத்தை ஓடுகளும் கிடைத்துக்கொண்டிருந்த குகை. ஒரு மத்தியானம் கை கழுவ ஓடைக்கு இறங்கியபோது, கூழாங்கற்களுக்கு நடுவில், சாயம் ஏறியது போலக் கறுத்துப்போய், ஒரு பிள்ளையின் கீழ்த்தாடை கிடந்தது. குகை அந்த ஓடைக்கு மேலேதான் இருந்தது. சரிந்த மலையும் அந்த ஓடைக்கு மேலேதான் இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். ஆதிகாலத்துப் பிள்ளை, குகையிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்திருக்கிறது, நான் கண்டெடுத்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முன்பக்கத்தில் பல் விழுந்த இடைவெளி இருந்தது. அந்த வயசில் எந்தப் பிள்ளைக்கும்தான் இருக்கும் என்று அதையும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். டென்மார்க் போனபின், பழகுவதற்காகக் குகை தோண்டிய குழு கொடுத்தது என்று பேராசிரியரிடம் ஒரு பொய்.

முதல் பல்லைக் கரைத்தபோதே எந்திரம் சொல்லிவிட்டது. பெண்பிள்ளை. புரதம் கொஞ்சமும் சிதையவில்லை. காலம் பட்ட தழும்பு ஒன்றுகூட இல்லை. திரையை மேலிருந்து கீழாக மறுபடி படித்தாள். பேராசிரியர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தபோது, "என் பல்தான் இதில் கலந்துவிட்டது" என்றாள். பழகுபவர்களுக்கு நடப்பதுதான் என்று அவர் தட்டிக்கொடுத்தார். இன்னொரு பல்லைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மிச்சத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். அவள் இன்னொரு பல்லைப் போட்டாள். பிறகு இன்னொன்று. அடுத்ததாவது பழசாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டாள். பல் முடிந்ததும் எலும்பை அரைத்தாள். கடைசியில், கழுவிக் கவிழ்த்த குழாய்களும் கழிவு வாளியும்தான் மிச்சம். விரல் எலும்பு கேட்டவளுக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

இந்த முறை விடுமுறைக்கு மொனராகலையில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது பரிமளத்தின் அழைப்பு வந்தது. "ஒரு தடவ வந்துட்டுப் போ தங்கச்சி. ஒங்கிட்ட ஒண்ணு காட்டணும்." இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுசி இல்லை என்று கிருஷாந்திக்குப் பட்டது. சொல்லிவிடுவது, காலில் விழுவது, அடித்தால் வாங்கிக்கொள்வது. அவ்வளவுதான் அவளுடைய திட்டம்.

லுணுகலையிலிருந்து அவளை ஏற்றிவந்த ஆட்டோக்கார ஷுக்ரி பாதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். "அந்தம்மா தனியத்தான் மிஸ் ஈக்கிற. ஆனா கொஞ்ச நாளா கடைல பால்மா வாங்குறா, புள்ளைக்கிச் சட்டை வாங்குறா. யாருக்கு எண்டு கேட்டா சிரிக்கிறா." மழைக்கு ரோடு தாங்காது, நாளைக் காலையில்தான் திரும்ப வருவேன் என்று சொல்லி அவளை இறக்கிவிட்டுப் போனார்.

இப்போது பரிமளம் கிண்ணத்தோடு மூலையில் இருந்த மரப்படியில் ஏறினாள். மேலே, ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட்டிய மாடி. கிருஷாந்தி கையைத் தட்டில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பலகையில் நடக்கும் சத்தம் தலைக்கு மேலாகப் போய் எங்கோ கடைசியில் நின்றது. பரிமளத்தின் குரல், கொஞ்சலாக, சொல் புரியாமல். அதன்பின் வேறொரு சத்தம். நாய்க்குட்டி பால் நக்குவது போல இருந்தது. ஆனால் நக்குவது இல்லை. இழுத்து, பாதி வழியவிட்டு, வழிந்ததை மறுபடி இழுத்து, நனைந்த துணியை யாரோ மெல்லப் பிழிந்து பிழிந்து விடுவது போல ஈரமான சத்தம். நாய்க்குட்டிதான் வளர்க்கிறாள் என்று கிருஷாந்தி நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

பரிமளம் இறங்கி வந்து கிண்ணத்தைக் கழுவ வைத்தாள். "நான் கழுவுறேன்க்கா," என்று வாங்கிய கிருஷாந்தியின் மூக்கில் சுரீரென்று ஏறியது. பால் மணம் இல்லை. தேயிலை மணமும் இல்லை. கண்ணின் ஓரத்தைக் கரிக்கவைக்கும், தொண்டைக்குள் உலோகம் போல ஒட்டிக்கொள்ளும் வாடை. உலகத்தில் எத்தனையோ வாடைகள் இருக்க, அவள் இரண்டு வருஷமாகத் தினமும் முகர்ந்த வாடை. பல்லைக் கரைக்கும் அமிலம்.

கிண்ணத்தை மூன்று தண்ணீரில் அலசினாள். வாடை விரலில் இருந்தது.

மூன்று மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கிவிட்டது. முதலில் கீழே ரோடு மறைந்தது, பிறகு தேயிலைச் செடிகள், பிறகு வாசலில் கொடியில் காய்ந்த துணி. தொழிற்சாலையின் நீண்ட சன்னல்களில் உடைந்துபோன கண்ணாடிகளின் வழியே அந்த வெண்மை உள்ளே வந்து, யாரும் இல்லாத அறைகளின் சாக்குத் தடுப்புகளை மெல்ல ஊதி ஊதி அசைத்தது. அந்த அறை ஒவ்வொன்றிலும் யார் இருந்தார்கள் என்று கிருஷாந்திக்குத் தெரியும். இப்போது சுவரில் பழைய காலண்டர் ஆணியும், அடுப்புக் கரியும், குழந்தைகள் கரித்துண்டால் எழுதிப் பழகிய ஆனா ஆவன்னாவும்தான் இருந்தன. மழை தகரத்தில் பேசிக்கொண்டே இருந்தது. அதற்கு அடியில், கவனித்தால் மட்டும் கேட்கும்படி, மேல்மாடிப் பலகை அவ்வப்போது ஒரு முறை முனகியது. நடப்பது போல இல்லை. படுத்திருப்பது புரண்டு படுப்பது போல.

இரண்டு பேரும் அடுப்போரம் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். பரிமளம் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொடுக்க எடுத்து, கொஞ்சம் யோசித்து, முழுத்துண்டையும் கிருஷாந்தியின் உள்ளங்கையில் வைத்தாள். சின்ன வயசில் பள்ளிவிட்டு வரும்போது இப்படித்தான் மடியில் முடிந்துவைத்திருந்து கொடுப்பாள். கிருஷாந்தியால் அதை வாயில் போட முடியவில்லை. கைக்குள்ளேயே இளகியது.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." கிருஷாந்தி தொடங்கினாள். "விதுஷாவப் பத்தி."

"தெரியும் தங்கச்சி."

கிருஷாந்தியின் கை கருப்பட்டியின் மேல் மூடிக்கொண்டது.

"ரோட்டுல எவனாவது சொல்லியிருப்பான். நான் யாருக்கும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். கண்ணு போட்டுருவாங்க." பரிமளம் முன்னால் குனிந்தாள். அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல் மின்னியது. "புள்ள வந்துட்டா."

"யாரு?"

"நம்ம விதுஷாதான். அந்தப் பெரிய மழ பெஞ்ச கெழமை. ஓடைப் பக்கமிருந்து நடந்து வந்துச்சு. ஒடம்பெல்லாம் மண்ணு. வாசல்ல வந்து நின்னுக்கிட்டு என்னையப் பாக்குது. ஒண்ணும் பேசல. அது எங்க பேசும், பாவம்."

"ஏன்க்கா பேசாது?"

பரிமளம் தன் கையை எடுத்து, கன்னத்தின் கீழிருந்து மோவாய் வரைக்கும் மெல்லத் தடவிக் காட்டினாள்.

"இங்க ஒண்ணுமில்ல," என்றாள்.

அடுப்பில் விறகு வெடித்தது. கிருஷாந்தி தேத்தண்ணீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். தாடை என்று இவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அந்தத் தாடையைப் பற்றி இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். இவளுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, தனியாகவே கிடந்ததில் வந்த நோய், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று மனம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. எந்தத் தாயோ விட்டுவிட்டுப்போன ஊனப்பிள்ளை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். அப்படியும் இருக்கலாம். ஏன் இருக்கக்கூடாது?

"நீ பல்லு படிப்பு படிக்கிறதா ஒங்கம்மா சொன்னாங்க," என்றாள் பரிமளம். "அதான் கூப்புட்டேன். வெளிய டொக்டருகிட்ட காட்ட பயமா இருக்கு. நீ நம்ம புள்ள. பாத்துச் சொல்லு. மறுபடி மொளைக்கும்ல?"

"நான் அந்த டொக்டர் இல்லக்கா. நான் பாக்குறது ரொம்பப் பழைய காலத்துப் பல்லு."

"பல்லு பல்லுதானே தங்கச்சி."

விளக்கு வைக்கிற நேரம். பரிமளம் சாமிப் படத்துக்கு முன்னால் திரியை ஏற்றியதும் கரண்டு போனது. மழை அப்போதுதான் நின்றிருந்தது. நின்றிருக்க வேண்டாம் என்று கிருஷாந்திக்குத் தோன்றியது. இப்போது எல்லாம் கேட்டது. தகரத்தின் ஓரத்திலிருந்து சொட்டுவது. ஓடை. மேலே அந்தப் பலகை.

"வா," என்றாள் பரிமளம். அவளுடைய கை கிருஷாந்தியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தோட்ட வேலை செய்த கை, காய்த்துப்போய், சூடாக, அன்பாக. அந்தக் கையை உதறிவிட்டு வெளியே மூட்டத்துக்குள் ஓடியிருக்கலாம். ஆனால் இந்தக் கைக்கு ஒரு தடவை துரோகம் செய்தாகிவிட்டது. இன்னொரு தடவை அவளால் முடியவில்லை.

படி ஏறினார்கள்.

மேல்மாடி ஒரு முனையிலிருந்து மறு முனை தெரியாத அளவுக்கு நீளம். இரண்டு பக்கமும், ஆள் உயரத்துக்கு மேல், தட்டுத் தட்டாகச் சாக்குத்துணி இழுத்துக் கட்டிய சட்டங்கள். கொழுந்து பரப்பிய அந்தத் துணிகள் இப்போது வெறுமையாக, தூசி படிந்து, தட்டையாகக் கிடந்தன. கிருஷாந்தி போன் வெளிச்சத்தை ஒவ்வொன்றாக ஓட்டினாள். தட்டை. தட்டை. தட்டை. வெளிச்சம் போகப் போக மூட்டம் அதைத் தின்றது. தேயிலையின் புளித்த மணம் குறைந்து, அந்த வாடை ஏறியது. கண் கரித்தது.

கடைசி வரிசையில், அடித்தட்டில், ஒரு துணி தொய்ந்திருந்தது.

அதிகம் இல்லை. ஒரு பிள்ளையின் பாரத்துக்கு.

"சின்னக்குட்டி," என்றாள் பரிமளம். "யாரு வந்திருக்கான்னு பாரு. கிருஷாந்தி அக்கா."

துணி அசைந்தது. சின்னக் கால்கள் கீழே இறங்கின. புதுச் சட்டை. தோளில் ஈர முடி, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மலை சரிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த முதுகு ஓர் அங்குலமும் வளரவில்லை.

ஊனப்பிள்ளை. யாருடையதோ. கிருஷாந்தி உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அது திரும்பியது.

விதுஷாவின் கண்கள். விதுஷாவின் மூக்கு. புருவத்தின் மேலே, அடுப்புக் கல்லில் விழுந்து வாங்கிய சின்ன வெட்டு. மேலுதடு. அதற்குக் கீழே முகம் முடிந்துவிட்டது. தோல் இருந்தது. உள்ளே அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாமல், காற்றுப்போன பைபோலக் கழுத்தில் மடிந்து கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய், வெளியே வந்தது. பால் வழிந்திருந்தது. பரிமளம் முந்தானையால் அதைத் துடைத்து, உள்ளங்கையைக் கீழே கொடுத்து, மெல்லத் தூக்கிப் பிடித்தாள். தாய் பிள்ளைக்குச் செய்வது போல. பழகிய கையோடு.

"வெளிச்சம் அடிச்சுப் பாரு தங்கச்சி. உள்ளுக்குப் பாரு."

பார்த்தாள். ரத்தம் இல்லை, புண் இல்லை. சுத்தமாக, வெள்ளையாக, கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குழாயைப் போல வழவழத்து இருந்தது. அமிலம் தின்ற இடம் அப்படித்தான் இருக்கும். அவளுக்குத் தெரியாதா?

பிள்ளை அவளையே பார்த்தது. கோபம் இல்லை அந்தக் கண்ணில். கேட்கிற கண். கடைக்குப் போய்வந்தவரின் பையைப் பார்க்கிற பிள்ளையின் கண்.

கிருஷாந்தி மண்டியிட்டாள். முழங்கால் பலகையில் மோதியது தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" பரிமளம் கேட்டாள். "மொளைக்குமா?"

சொல்லவேண்டும். இப்போது. இவ்வளவு காலமும் நெஞ்சில் அழுகிக் கிடந்ததை. ஒரே மூச்சில். மூடியே கிடந்த வாயை அவள் திறந்தாள்.

"அக்கா, இதை நான்தான்—"

குளிர்ந்த விரல்கள்.

மிகச் சின்ன விரல்கள். ஈர மண் மணத்தோடு. உதட்டைத் தொட்டன. உள்ளே வந்தன. ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே போயின. பொறுமையாக. கடைவாய் வரைக்கும். எலும்பின் அடி வரைக்கும்.

கடிக்கலாம். மூடலாம்.

மூடவில்லை.

"அப்புடியே இரு தங்கச்சி," என்று பரிமளத்தின் குரல் எங்கிருந்தோ வந்தது. "புள்ள பாக்குது. பாத்துக்கட்டும்."

போன் கீழே விழுந்து, வெளிச்சம் பலகைக்கு அடியில் போய் அவிந்தது.

காலையில் வலி இல்லை. ரத்தமும் இல்லை. கீழே அடுப்போரப் பாயில் அவள் படுத்திருந்தாள். மூட்டம் முழுதாகக் கலைந்து, சன்னல் வழியே வெயில் விழுந்தது. செத்தவர்களுக்கு வாய்க்கட்டுக் கட்டுவார்களே, அதுபோல, ஒரு கம்பளிச் சால்வையைக் கழுத்தடியிலிருந்து உச்சந்தலை வரைக்கும் சுற்றி இறுக்கி முடிந்திருந்தது.

"அவுக்காத," என்றாள் பரிமளம். "பனிக்காத்து." அவள் குளித்துப் பூ வைத்திருந்தாள். கிருஷாந்தியின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும் தங்கச்சி. ஒன்னோட படிப்பு வீண்போகல. நல்லா இருக்கணும்."

பதில் சொல்ல நினைத்தாள். நாக்கு அசைந்தது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. தொட எதுவும் இல்லாமல் தொங்கியது.

ஷுக்ரி சொன்னபடி வந்து ஹோன் அடித்தார். இரண்டு கையாலும் சால்வையைத் தாங்கிப் பிடித்தபடி கிருஷாந்தி வாசல் படியிறங்கி நடந்தாள். விட்டால் மடிந்துவிடும் என்று தெரிந்தது. ஆட்டோவுக்குள் ஏறிக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கடுங் குளிரா மிஸ் ராவைக்கு?"

தலையை மட்டும் அசைத்தாள். ஷுக்ரி ஆட்டோவைத் திருப்ப வெளியே தலையை நீட்டியவர் அப்படியே நின்றார். மேல்மாடிச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாட இடுப்புல ஈக்கிற புள்ள யாரு மிஸ்?"

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்தாள்.

வெயில் நேரே விழுந்த சன்னலில் பரிமளம் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். புதுச்சட்டை, இரட்டைச் சடை, பிள்ளைக் கண்கள், பிள்ளை மூக்கு. அதற்குக் கீழே, அந்தச் சின்ன முகத்துக்குப் பொருந்தாமல், இரண்டு பக்கமும் தோலைத் தள்ளிக்கொண்டு, வளர்ந்த பெண் ஒருத்தியின் அகன்ற தாடை. பிள்ளை கிருஷாந்தியைப் பார்த்துச் சிரித்தது. பெரிய, வரிசையான பற்கள். பரிமளம் அதன் கையில் பச்சைக் கொய்யாக்காய் ஒன்றைக் கொடுத்தாள். அது கடித்தது. காய் உடைந்த சத்தம் ஆட்டோ வரைக்கும் கேட்டது. பரிமளம் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மலை சரிந்த நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் கண்டதில்லை. பிள்ளை கிருஷாந்தியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாக, மென்றுகொண்டே இருந்தது.